கைதட்டலுக்கு எதிராக அன்ஸ்கர் கெட்லர்

ஜெர்மனியின் காசல் நகரத்தில் அன்ஸ்கர் கெட்லரைத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதைத் தம் வாழ்நாள் சாதனை என்று அவரே கருதுவதால், நான் ஏதோ அவரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். முப்பது ஆண்டுகளாக கிதார் வாசித்து, ஒரு ராக் குழுவை நடத்தி, எட்டு இசைத்தட்டு போட்டு, இவ்வளவுக்குப் பிறகும் பெயர் தெரியாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமா? வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் யாருக்கும் அது கிடைத்துவிடும். உழைத்து அந்த நிலையை எட்டியவர் எங்கள் ஊரில் இவர் ஒருவர்தான்.

தம்மைச் சுயேச்சை இசைக்கலைஞர் என்று சொல்லிக்கொள்வார். தேர்தலில் சுயேச்சையாக நிற்பவர்களுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம், அவர்களுக்கு உள்ளூர ஜெயிக்க ஆசை உண்டு.

அவருடைய அப்பா வில்ஹெல்ம்ஸ்ஹோஹே மேட்டில் வரி ஆலோசகர். செர்ரி மரம் வைத்த தோட்டம், வாரம் ஒருமுறை கழுவப்படும் கார், ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி வறுவல். ஏழைத் தொழிலாளி வீட்டில் பிறக்க வேண்டிய ஒரு ராக் கலைஞனுக்கு இதைவிடப் பெரிய அநியாயத்தை விதி செய்ய முடியாது. போதாக்குறைக்கு, மகனின் பதினாறாவது பிறந்தநாளுக்கு அப்பா நல்ல விலையில் மின் கிதார் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். இந்த அவமானத்தை அன்ஸ்கர் இன்றுவரை மன்னிக்கவில்லை. அன்றே அதற்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, சமையலறைக் கத்தியால் அங்கங்கே கீறி, குப்பையில் கண்டெடுத்தது போல ஆக்கினார். அப்பா வந்து எட்டிப் பார்த்து, "அட, முன்னைக்கு இப்பத்தான் நல்லா இருக்கு" என்றார். மகன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினார். டிராமில் போனதால் அரை மணி நேரத்தில் வடக்குப் பகுதியை அடைந்து, அங்கே ஒடுக்கப்பட்டவராக வாழத் தொடங்கினார்.

வடக்குப் பகுதியில்தான் எங்கள் சலவைக்கூடம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கைத் துணியெல்லாம் நீராவியில் வெளுத்த இடம். நகராட்சி இடிக்கப் பார்த்தது. இளைஞர்கள் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். வெளியே போகச் சொல்லிச் சொல்லி நகராட்சிக்குத்தான் அலுத்துப்போனது. இப்போது அங்கே ஒரு மேடை, ஒரு பீர் கவுன்ட்டர், ஞாயிறுதோறும் ஒரு பானை பருப்புச் சூப். முதலாளி கிடையாது, மேலாளர் கிடையாது. எல்லாவற்றையும் ஞாயிறு மதியக் கூட்டம் முடிவு செய்யும். அந்தக் கூட்டத்தில் வாக்கெடுப்பும் இல்லை. எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒருவர் தடை போட்டாலும் காரியம் நடக்காது.

இந்த விதியைக் கொண்டுவந்தவர் அன்ஸ்கர். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. பெரும்பான்மை என்பது ஒடுக்குமுறையின் மறுபெயர் என்று இரண்டு மணி நேரம் பேசினார். மறுத்துப் பேசினால் இன்னும் இரண்டு மணி நேரம் பேசுவார் என்ற பயத்தாலும், சூப் ஆறிக்கொண்டிருந்ததாலும், விதி ஏகமனதாக நிறைவேறியது.

அதே ஆண்டில் 'குளிர்ந்த படிக்கட்டு' என்ற அவருடைய குழு பிறந்தது. அன்ஸ்கர் கிதாரும் பாட்டும். பிர்ட்டெ என்ற பெண் பேஸ் கிதார். பகலில் பிர்ட்டெ பிசியோதெரபிஸ்ட், நோயாளிகளின் கழுத்தைத் திருப்பிவிடுவார். ஹைக்கோ டிரம்ஸ், பகலில் டிராம் பணிமனையில் மெக்கானிக். அன்ஸ்கர் பகலில் கொள்கையோடு இருப்பார். ஒத்திகை, போர்க்காலத்தில் குண்டுக்குத் தப்பிக்கக் கட்டிய பதுங்கறை ஒன்றில். வெளியிலிருந்து வரும் ஆபத்தைத் தடுக்க எழுப்பிய அந்தக் கனத்த சுவர், இப்போது உள்ளிருக்கும் ஆபத்து வெளியே வராமல் ஊரைக் காக்கிறது.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. காசலில் யாரும் யாரையும் வாய்விட்டுப் பாராட்டுவதில்லை. விருந்து பிரமாதமாக இருந்தால் "சாப்பிட முடியுது" என்பார்கள். மணக்கோலத்தில் நிற்கும் சொந்த மகளைப் பார்த்து "இப்படியும் இருக்கலாம்" என்பார்கள். ஆகவே முதல் கச்சேரியில் ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை, அன்ஸ்கர் தமக்குக் கிடைத்த எதிர்ப்பு என்று எண்ணி மகிழ்ந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தார். உண்மையில் ஒலிபெருக்கியின் திருகு எதுவென்று தெரியாமல் குனிந்து தேடிக்கொண்டிருந்தார் என்று ஹைக்கோ சொல்வார். ஆனால் உள்ளூர்ப் பத்திரிகை அதை 'சந்தையை நோக்கித் திருப்பப்பட்ட முதுகு' என்று எழுதிவிட்டது. அதன் பிறகு அவர் திரும்பவே இல்லை.

ஐந்தாறு வருடம் கழித்து, ஹாம்பர்க்கிலிருந்து இசைத்தட்டுக் கம்பெனிப் பெண்மணி ஒருவர் கச்சேரி கேட்க ரயிலேறி வந்தார். அன்ஸ்கர் அன்றைக்குப் பாட்டுகளை ஓரங்கட்டிவிட்டு, கிதாரை ஒலிபெருக்கிமேல் சாய்த்து வைத்தார். அது பன்றி அறுபடுவது போல வீறிட்டது. கால் மணி நேரம் அதைக் கையைக் கட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார். ஹைக்கோ குச்சிகளை வைத்துவிட்டு ரொட்டியும் சாசேஜும் எடுத்துச் சாப்பிட்டார். கச்சேரி முடிந்ததும் பெண்மணி வந்து கை நீட்டினார்.

"எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, மிஸ்டர் கெட்லர். இதுல என்னமோ இருக்கு."

"என்ன இருக்கு?"

"சொல்லத் தெரியலை. ஆனா பிடிச்சிருக்கு."

"அப்ப எங்கேயோ தப்பு நடந்திருக்கு. கண்டுபிடிச்சு சரி பண்ணிடறோம். நீங்க ரயிலைப் பிடிங்க."

அடுத்த ஒத்திகையில் பிர்ட்டெ கேட்டார்: "ஏன்டா அந்தம்மாவை விரட்டினே?"

"கம்பெனிக்குப் பிடிச்சா அது இசை இல்லை, சரக்கு."

"யாருக்காவது பிடிச்சாதானே அடுத்த தடவை கூப்பிடுவாங்க?"

"உனக்குப் பிடிச்சிருந்துச்சா?"

பிர்ட்டெ கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். "இல்லை."

"பாத்தியா? சரியான பாதையிலதான் போறோம்."

பாதை நேராகத்தான் போயிற்று. கோட்டிங்கனில் விழா நடத்தியவர் 'அருமையான குழு' என்று அறிமுகம் செய்ய, அன்ஸ்கர் மைக்கைப் பிடுங்கி மறுப்புத் தெரிவித்தார். பிரேமனில் அவர் திரும்பி நின்ற பக்கத்திலேயே விளக்கு வைத்து முகம் தெரிகிற மாதிரி வெளிச்சம் அடித்ததற்காக, விளக்குப் போடுபவரைக் காவல்துறையின் கையாள் என்றார். லைப்சிக்கில் ஜனங்கள் இன்னொரு பாட்டு கேட்டுக் கத்தினார்கள். அவர்களை 'நுகர்வோரே' என்று விளித்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார். இப்படி ஊர் ஊராகக் கதவு சாத்தப்பட்டு, கடைசியில் நாட்டிலேயே அவருக்கென்று மிஞ்சியது சலவைக்கூடத்தின் மேடை ஒன்றுதான்.

அந்த மேடையை அவர் தூய்மையாக வைத்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேறு குழுக்கள் வந்து கேட்கும்போதெல்லாம் கூட்டத்தில் அவர் கை உயரும். கீபோர்டு வைத்திருந்ததற்காக ஒரு குழுவுக்குத் தடை. புகைப்படத்தில் சிரித்ததற்காக ஒன்றுக்கு. "எப்படி இருக்கீங்க, காசல்?" என்று பாடகர் கேட்பதாகத் தகவல் வந்ததற்காக ஒன்றுக்கு. பீர் கவுன்ட்டரை ஆளும் ஃப்ராவ்கே தம் தோழிகள் இருவரோடு அக்கார்டியன் வாசிக்க ஒரு மாலை கேட்டார். அதற்கும் தடை.

"அக்கார்டியனைக் கேட்டா ஜனங்களுக்கு சந்தோஷம் வருது, ஃப்ராவ்கே. சந்தோஷப்படறவன் எதையும் எதிர்க்க மாட்டான்" என்று விளக்கம் வேறு சொன்னார்.

ஃப்ராவ்கே கவுன்ட்டருக்குத் திரும்பிப் போய் அவருக்கு ஒரு பீர் ஊற்றினார். அதற்குப் பிறகான பதினோரு வருடமும் அன்ஸ்கருக்கு ஊற்றிய கிளாஸ்களில் பாதி நுரையாகவே இருந்தது.

இந்த நிலையில்தான் குழுவுக்கு முப்பது வயது ஆனது. 'நன்றி கிடையாது' என்ற ஒன்பதாவது இசைத்தட்டும் தயாரானது. நவம்பரின் முதல் சனிக்கிழமை சலவைக்கூடத்தில் கச்சேரி வைக்க வேண்டும் என்று அன்ஸ்கர் விரும்பினார். விரும்பினார் என்றால் சாதாரணமாக இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. இந்த மேடை கிடைத்தால் அவர் இன்னும் கலைஞர். கிடைக்காவிட்டால் வரி ஆலோசகர் ஒருவரின் ஐம்பத்து மூன்று வயது மகன். அவ்வளவுதான் விஷயம், அது அவருக்கும் தெரியும்.

ஃப்ராவ்கே தடை போடுவார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அன்ஸ்கர் அதற்காகவே ஓர் உரை தயாரித்தார். பதுங்கறையில் பிர்ட்டெக்கும் ஹைக்கோவுக்கும் வாசித்துக் காட்டினார். கலையின் கழுத்தை நெரிக்கும் தனிப்பட்ட பகை, பீர் வியாபாரத்தின் அரசியல், எதிர்ப்பாளனைத் தண்டிக்கும் சமூகம். உரை, அவர்களுடைய எந்தப் பாட்டையும்விட நன்றாக இருந்தது என்று ஹைக்கோ பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

ஞாயிறு மதியம். பழைய சலவைத் தொட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தை நடத்தியவர் சோரன். எப்போதும் எதையாவது பின்னிக்கொண்டே நடத்துவார், அன்று ஒரு சாக்ஸ். கூட்டத்தில் கைதட்டுவது கிடையாது, சத்தம் அடுத்தவரை நெருக்கும் என்பதால். ஒத்துக்கொண்டால் இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்ட வேண்டும்.

"அடுத்தது, அன்ஸ்கரோட கச்சேரி. யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்றார் சோரன்.

அன்ஸ்கர் உரையோடு எழுந்து நின்றார். எல்லோரும் ஃப்ராவ்கேயைப் பார்த்தார்கள். அவர் சூப் பாத்திரத்தை ரொட்டியால் துடைத்து, அதைத் தின்றுவிட்டு, நிதானமாகக் கையைத் துணியில் துடைத்தார். பிறகு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, பத்து விரல்களையும் ஆட்டினார்.

"எனக்கு சம்மதம். எங்கம்மாகூட வரணும்னு சொல்றாங்க. எண்பத்து ரெண்டு வயசு. முன்னால ஒரு நாற்காலி போட்டா போதும்."

அதைப் பார்த்து மற்றவர்களும் கை தூக்கினார்கள். அறை முழுக்க விரல்கள் ஆடின. சிலர் புன்னகை கூடச் செய்தார்கள். காசலில் இப்படி ஒரு பாராட்டு விழா என் நினைவில் நடந்ததில்லை.

அன்ஸ்கர் வெளிறிப்போனார். "இரு, இரு. ஒருத்தருக்கும் எதிர்ப்பு இல்லையா?"

"இல்லையேப்பா" என்றார் சோரன். "உக்காரு. அடுத்தது பாத்திரம் கழுவற மெஷின்."

"ஃப்ராவ்கே, உனக்கு என் பாட்டு பிடிக்காதுல்ல?"

"யார் சொன்னது? கவுன்ட்டர்ல நின்னு கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சு. வேலை செய்யறப்ப பின்னால ஓடிட்டிருந்தா நல்லாத்தான் இருக்கு. இதமா இருக்கு."

கவனியுங்கள், இதமா. முப்பது வருட எதிர்ப்பை ஒரே வார்த்தையில் தலையணை ஆக்கிவிட்டார். அவர் வேண்டுமென்றே செய்தாரா என்று எங்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு. நான் வேண்டுமென்றேதான் என்ற கட்சி. பதினோரு வருடம் ஒருவனை முழுமனதோடு வெறுத்தவருக்கு அவனைத் தெரிந்த அளவு, முப்பது வருடம் கூட வாசித்தவர்களுக்குத் தெரியாது.

அன்ஸ்கர் உரையை மடித்தார். எல்லோருக்கும் பிடிக்கிற ஒன்றை, எண்பத்து இரண்டு வயது அம்மாக்கள் நாற்காலி போட்டுக் கேட்க வருகிற ஒன்றை, இந்த மேடையில் ஏற அவர் ஒருநாளும் அனுமதித்ததில்லை. கொள்கை என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். கையை உயர்த்தினார்.

"தடை."

சோரனின் ஊசி நின்றது. "மெஷினுக்கா?"

"கச்சேரிக்கு."

"உன் கச்சேரிக்கா?"

"ஆமா."

ஒருவர் தமக்குத் தாமே தடை போட்டுக்கொள்ளலாமா என்று கூட்டம் ஆராய ஆரம்பித்தது. இரண்டாவது ரவுண்டு சூப் தேவைப்பட்டது. முடியாது என்று சொன்னால் அது தனிமனித உரிமையைப் பறிப்பதாகும் என்று இறுதியில் முடிவாயிற்று. தடை செல்லும்.

இப்போது அன்ஸ்கர் காத்திருந்தார். யாராவது "டேய், வேண்டாம்டா, எடுத்துக்கோ" என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. சோரன் சாக்ஸின் அடுத்த வரிசையைப் பின்னத் தொடங்கினார்.

"நீங்க யாரும் எதுவும் சொல்லப் போறதில்லையா?" என்று கடைசியில் அவரே கேட்டார்.

சோரன் வருத்தத்தோடு சொன்னார்: "தடை போட்டவரை வற்புறுத்தக் கூடாதுப்பா. ஒரு வருஷத்துக்கு அவரே வாபஸ் வாங்கவும் முடியாது. நீ எழுதின விதிதான். அன்னைக்கு ஒருத்தன் ஒரு பீருக்கு ஆசைப்பட்டு வாபஸ் வாங்கிட்டான்னு நீதானே சேத்தே?"

ஹைக்கோ தொண்டையைச் செருமிக்கொண்டார். பிர்ட்டெதான் பேசினார்.

"அப்ப அந்த சனிக்கிழமை காலியாத்தான் இருக்கு. நானும் ஹைக்கோவும் வாசிக்கிறோம். பாட்டெல்லாம் எங்களுக்கும் தெரியும். வேற பேர் வெச்சுக்கறோம்."

"கிதார் இல்லாமயா?" என்றார் ஒருவர்.

"அக்கார்டியன் நான் கொண்டுவரேன்" என்றார் ஃப்ராவ்கே.

அன்ஸ்கரின் கை அவரையே முந்திக்கொண்டு உயர்ந்தது. சோரன் தலையை ஆட்டினார். "ஒரு கூட்டத்துக்கு ஒருத்தருக்கு ஒரு தடைதான். நீ உன்னுடையதைச் செலவு பண்ணிட்டே."

விரல்கள் மறுபடி ஆடின.

"பிர்ட்டெ, இது துரோகம்" என்று வாசலில் வைத்துச் சொன்னார் அன்ஸ்கர்.

"முப்பது வருஷமா நீ யார் கூப்பிட்டாலும் மாட்டேன்னே. நாங்க பின்னால நின்னோம். இன்னைக்கு நீயே உன்னை மாட்டேன்னுட்டே. அதுக்கும் பின்னால நிக்கணுமா?"

"நிக்கணும்."

"என் முதுகு வலிக்குதுடா. கழுத்து வலிக்கு நானே வைத்தியம் பாக்கறவ, எனக்கே வலிக்குது" என்று சொல்லிவிட்டு பிர்ட்டெ சைக்கிளில் ஏறிப் போனார்.

நவம்பர் சனிக்கிழமை வந்தது. சலவைக்கூடத்தில் மேடை ஏறாத உறுப்பினர் எல்லோருக்கும் கச்சேரி அன்று வேலை உண்டு. சீட்டுக் குலுக்கியதில் அன்ஸ்கருக்குக் கோட்டு மாட்டும் இடம் விழுந்தது. தம்முடைய பாட்டுகளைக் கேட்க வந்தவர்களின் ஈரக் கோட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி, எண் வில்லை கொடுத்து, கொக்கியில் மாட்டினார். இத்தனை பேர் தம் கச்சேரிக்கு ஒருநாளும் வந்ததில்லை என்பதை அவர் எண்ணாமலே கண்டுகொண்டார், கொக்கி போதவில்லை.

"நீ இன்னைக்கு வாசிக்கலையா?" என்று கேட்டார் பழைய ரசிகர் ஒருவர்.

"இல்லை."

"ஓ. அப்ப உள்ள போய்ப் பாக்கறேன்."

ஃப்ராவ்கேயின் அம்மா ஊன்றுகோலோடு வந்து, கோட்டைக் கழற்ற அவர் உதவிக்காகத் தோளைக் காட்டினார். "நீங்கதான் அந்தப் பாட்டையெல்லாம் எழுதின தம்பியா?"

"ஆமாங்க."

"இன்னைக்கு வார்த்தை புரியும்னு மக சொன்னா. அதான் வந்தேன்."

உள்ளே ஆரம்பித்தார்கள். கதவு மூடியிருந்தும் கேட்டது. ஹைக்கோ மெதுவாகத் தட்டினார். பிர்ட்டெ பாடினார். அக்கார்டியன் மூச்சு விட்டது. பதுங்கறையின் ஈரச் சுவரைப் பற்றி, முப்பது வருடத்துக்கு முன்னால் அன்ஸ்கர் எழுதிய பாட்டு. அவர் எப்போதும் அதை அலறித்தான் பாடியிருக்கிறார். அலறல் இல்லாமல் கேட்டபோது அது, மேட்டில் செர்ரி மரத்து வீட்டைப் பிரிந்து வந்த ஒரு பையன் குளிரில் உட்கார்ந்திருப்பதைப் பற்றிய பாட்டாக இருந்தது. அன்ஸ்கர் யாருடைய கோட்டையோ கையில் பிடித்தபடி, பாட்டு முடியும்வரை அதை மாட்டாமல் நின்றார். கோட்டுக்குச் சொந்தக்காரர் பொறுமையாக இருந்தார் என்று சொல்ல முடியாது. "ஐயா, வில்லை" என்று இரண்டு தடவை அதட்டினார்.

பாட்டு முடிந்ததும் உள்ளே கைதட்டல் எழுந்தது. விரல் ஆட்டல் இல்லை. ஒழுங்கான, சத்தமான கைதட்டல். அன்ஸ்கரின் முகம் பழையபடி ஆனது.

கச்சேரி முடிந்து பிர்ட்டெ வியர்வையோடு கோட்டுக்கு வந்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"தாளம் ரெண்டு இடத்துல ஓடிடுச்சு."

"வேற?"

அன்ஸ்கர் கோட்டை எடுத்தார், ஆனால் கொடுக்கவில்லை. "அந்த ஈரச் சுவர்ப் பாட்டு. அது என்ன சொல்லுதுன்னு எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது."

"அது நல்லதா, கெட்டதா?"

"கெட்டது. ஜனங்களுக்கும் தெரிஞ்சுபோச்சே."

பிர்ட்டெ கோட்டை அவர் கையிலிருந்து இழுத்து வாங்கினார். "ஒரு வருஷம் முடியட்டும். எங்ககூட வந்து வாசிடா. கூட்டத்துல நானே கேக்கறேன்."

"கேளு. நான் தடுப்பேன்."

"எங்களையா?"

"என்னை."

மறுவருடம் பிர்ட்டெ சொன்னபடியே கேட்டார். அன்ஸ்கர் சொன்னபடியே தடுத்தார். கோட்டு மாட்ட எப்படியும் ஓர் ஆள் வேண்டும் என்பதால், எங்களுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.